352-ஆவது ஜெர்மன் காலாட்படை டிவிஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1944 ஜூன் 6 அன்று நேச நாடுகள் (அமெரிக்கா, பிரிட்டன், கனடா முதலியவை) பிரான்சின் வடக்குக் கரையில் படை இறக்கிய நார்மண்டி தரையிறக்கத்தைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், ஐந்தாவது நிமிடத்தில் இந்த எண் வந்துவிடும். ஒமாஹா (அமெரிக்கர்கள் இறங்கிய கரைகளில் ஒன்றின் குறிப்புப் பெயர்) கடற்கரையில் அமெரிக்கர்கள் ஏன் அவ்வளவு அடிபட்டார்கள் என்றால் ‘352 அங்கே இருந்தது’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். அந்த வரியில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பக்கம்.

352 என்றால் ஜெர்மனியிடம் 352 டிவிஷன்கள் இருந்தனவா?

இல்லை. ஜெர்மன் இராணுவம் டிவிஷன்களை (பல ஆயிரம் பேர் கொண்ட பெரிய படைப்பிரிவுகளை) ‘அலை’ அலையாகத் திரட்டியது. ஒவ்வொரு அலைக்கும் சில எண் தொகுதிகள் ஒதுக்கப்படும். நடுவில் பல எண்கள் காலியாகவே கிடக்கும். 352 வந்தது 21-ஆவது அலையில், 1943-இன் இறுதியில். கிழக்கு முனையில், அதாவது சோவியத் போர்முனையில், நொறுங்கிப்போன டிவிஷன்களின் மிச்சத்தை எடுத்து, அதன்மேல் புதிதாக அழைக்கப்பட்ட பையன்களைக் கொட்டி நிரப்புவதுதான் அந்த அலையின் செய்முறை. 352-க்கு அடித்தளமாக இருந்தது 321-ஆவது காலாட்படை டிவிஷனின் மிச்சம்.

எங்கே, எப்போது உருவானது?

1943 நவம்பரில், பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் உள்ள சான் லோ நகரைச் சுற்றி. எட்டு மாதம் கழித்து எந்த ஊரை இழந்து பின்வாங்கியதோ, அதே ஊரில்தான் பிறந்தது.

தளபதி டீட்ரிஷ் கிராய்ஸ். 1889-இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர். முதல் உலகப்போரைப் பார்த்தவர். இரண்டாவதில் கிழக்கு முனையில் டிவிஷன் நடத்திவிட்டு வந்தவர். அவருக்குக் கீழே நடவடிக்கைகளைக் கவனித்த அதிகாரி ஃப்ரிட்ஸ் சீகல்மான். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போருக்குப் பிறகு அமெரிக்க இராணுவம் கேட்டதால் இவர் எழுதிக்கொடுத்த அறிக்கைகள்தான் இந்த டிவிஷனைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி. தோற்ற பக்கத்து அதிகாரி, தோற்றதற்கான காரணங்களை வென்றவருக்கு விளக்கும் எழுத்து அது. அந்த எச்சரிக்கையோடுதான் அதைப் படிக்க வேண்டும்.

எத்தனை பேர்? அமைப்பு எப்படி?

1944 கோடைத் தொடக்கத்தில் சுமார் 12,700 பேர். காலாட்படையை கிரெனடியர் ரெஜிமென்ட் 914, 915, 916 என மூன்றாகப் பிரித்திருந்தார்கள். ரெஜிமென்டுக்குள் அடங்கும் சிறிய பிரிவு பட்டாலியன், அதற்குள் கம்பெனி. போர் தொடங்கியபோது ஒரு ரெஜிமென்டுக்கு மூன்று பட்டாலியன். ஆள் பஞ்சத்தில் 1944-க்குள் அது இரண்டாகச் சுருங்கிவிட்டது. கூடவே ஒரு ஃப்யூசிலியர் (வேவும் சண்டையும் பார்க்கும் காலாட்படை) பட்டாலியன், ஒரு பீரங்கி ரெஜிமென்ட், டாங்கி எதிர்ப்புப் பிரிவு, பொறியாளர் பட்டாலியன்.

படங்களில் வரும் ஜெர்மன் படை டாங்கியும் லாரியுமாகப் பாய்ந்து வரும். இங்கே பீரங்கியை இழுத்தவை குதிரைகள். காலாட்படை அவசரமாக இடம் மாற வேண்டுமென்றால் சைக்கிள். கொஞ்சம் வசதி இருந்தால் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பறித்த லாரி, ஓட்டுநரும் பிரெஞ்சுக்காரர். இந்த சைக்கிள் விவரத்தைச் சும்மா சொல்லவில்லை, பிறகு வருகிறேன்.

இது எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் தனிப்படை) பிரிவா?

இல்லை. வழக்கமான தரைப்படை. ‘அப்படியானால் இவர்கள் வெறும் சிப்பாய்கள், நாஜிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை’ என்று அடுத்த வாக்கியத்துக்குத் தாவிவிட வேண்டாம். தரைப்படை வீரனும் ஹிட்லர் என்ற தனிமனிதரின் பெயரில்தான் சத்தியம் செய்தான். ‘கறைபடாத இராணுவம்’ என்பது போருக்குப் பின் தளபதிகள் தங்களுக்காகக் கட்டிய கதை. ஆய்வாளர்கள் அதை எப்போதோ உடைத்துவிட்டார்கள்.

‘தேர்ந்தெடுத்த முதல்தரப் படை’ என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்கப் பக்கத்தில் இந்தப் பட்டம் எப்படி ஒட்டிக்கொண்டது என்பது புரிகிறது. ஒமாஹாவில் எதிர்பார்த்தது 716-ஆவது ஜெர்மன் டிவிஷனை. அது ஓரிடத்தில் உட்கார்ந்து கரையைக் காக்க மட்டுமே உருவாக்கப்பட்டது. வாகனம் இல்லை, வயதானவர்கள் அதிகம், கிழக்கிலிருந்து பிடித்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அதன் ஒரு பட்டாலியன்தான் எதிரே இருக்கும் என்று நினைத்து இறங்கியவர்களுக்கு, அதைவிடப் பலமான எதிர்ப்பு கிடைத்தது. கைதிகளை விசாரித்தால் 352 என்ற புதிய எண் வருகிறது. ஆக, இது ஏதோ அபாரமான படையாக இருக்க வேண்டும் என்ற முடிவு தானாக வந்து உட்கார்ந்தது. எதிரியைப் பெரிதாக்கினால் நம் இழப்புக்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடுகிறது அல்லவா?

உள்ளே பார்த்தால் காட்சி வேறு. கிழக்கு முனையைக் கண்ட அதிகாரிகளும் சார்ஜென்ட்களும் இருந்தார்கள், ஆனால் குறைவு. அதிகாரிகளில் சுமார் பாதிப்பேருக்குப் போர் அனுபவமே இல்லை. கீழ்நிலை அதிகாரிகளின் இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று காலி. சிப்பாய்களில் பெரும்பங்கு பதினெட்டு வயதுப் பையன்கள். போர்க்கால ரேஷனில் வளர்ந்த உடம்பு. கடும் பயிற்சியைத் தாங்கவில்லை. பசுவுக்கும் வெண்ணெய்க்கும் பேர்போன நார்மண்டியில் இருந்துகொண்டு, இவர்களுக்குக் கூடுதல் பால் கேட்டு டிவிஷன் மேலிடத்துக்கு எழுதியது, மேலிடம் மறுத்துவிட்டது. இந்த ஒரு கடிதப் போக்குவரத்து போதும், ‘முதல்தரப் படை’ என்ற பட்டத்தைக் கழற்றி வைக்க.

பயிற்சியும் அரைகுறை. 1944 மார்ச் வரை பெரும்பாலானோர் உண்மையான குண்டு போட்டுச் சுட்டுப் பழகியது விரல்விட்டு எண்ணும் தடவைகள்தான். கைக்குண்டு எறிந்தது அதைவிடக் குறைவு. கரைக்கு நகர்ந்த பிறகோ, நாளின் பெரும்பகுதி மரம் வெட்டுவதிலும் கடலோரத்தில் தடைக் கம்பம் நடுவதிலும் போனது. கரைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஜெர்மன் தளபதி ரோம்மல் கரையைக் கோட்டையாக்கச் சொல்லியிருந்தார். துப்பாக்கி பிடிக்க வேண்டிய கையில் மண்வெட்டி.

ஆனால் பக்கத்து 716-ஓடு ஒப்பிட்டால் இது பல மடங்கு மேல். பீரங்கி முழு அளவில் இருந்தது. தளபதி விஷயம் தெரிந்தவர். உயரமான மேட்டில் பதுங்கு குழிக்குள் எம்.ஜி. 42 இயந்திரத் துப்பாக்கியோடு ஒருவன் உட்கார்ந்திருந்தால், அவன் மூன்று மாதம் பயிற்சி பெற்றவனா மூன்று வருடமா என்பது கீழே மணலில் ஓடுபவனுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. நிமிடத்துக்கு 1,200 தோட்டா துப்பும் ஆயுதம் அது.

நேச நாட்டு உளவுத்துறைக்கு இது தெரியாமல் போனது எப்படி?

மார்ச் 1944-இல் ரோம்மல் இந்த டிவிஷனைக் கரைக்குத் தள்ளினார். வீர் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கரை இதன் பொறுப்பு. முன்பே அங்கிருந்த 716-இன் 726-ஆவது ரெஜிமென்டை நகர்த்தாமல், அதையும் கிராய்ஸின் கையில் கொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பழைய ஆட்களே தெரிந்தார்கள். 352 இன்னும் சான் லோவில், முப்பது கிலோமீட்டர் உள்ளே இருப்பதாகவே வரைபடங்களில் குறிக்கப்பட்டது. படையெடுப்புக்குச் சற்று முன்பு சந்தேகம் எழுந்தது. அதற்குள் படைகள் கப்பலேறிவிட்டன.

‘தற்செயலாக அன்று அங்கே பயிற்சி ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார்கள்’ என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. போர் முடிந்த கையோடு எழுதப்பட்ட அமெரிக்க விவரணைகளிலிருந்து வந்தது. உண்மையில் மூன்று மாதமாக அங்கேதான் இருந்தார்கள்.

ஜூன் 6 அன்று முழு டிவிஷனும் ஒமாஹாவில் இருந்ததா?

இல்லவே இல்லை. மிகப் பெரிய தவறான எண்ணம் இதுதான். ஒமாஹா என்பது சுமார் 8 கிலோமீட்டர் நீள மணல். அதன் எதிர்ப்பு மையங்களில் இருந்தவர்களில் பலர் 726-ஐ, அதாவது 716-ஆவது டிவிஷனைச் சேர்ந்தவர்கள். 352-இன் 916-ஆவது ரெஜிமென்டிலிருந்து கரையை ஒட்டி நின்றது இரண்டு கம்பெனி அளவுதான். மற்றவை சற்றுப் பின்னால். 914 மேற்கே இசின்யி, போயான்ட் து ஓக் பக்கம். 915? அதுதான் அன்றைய நாளின் தனிக்கதை.

352 அந்தக் கரைக்குக் கொடுத்த பெரிய பலம் உண்மையில் பின்னாலிருந்த பீரங்கிகள். முன்கூட்டியே அளந்து வைத்த இலக்குகள், மேட்டில் பார்வையாளர்கள், தொலைபேசியில் சொன்னால் குண்டு விழும். ஆனால் கையிருப்பு ஒரு நாளைக்குக்கூடப் போதவில்லை. நண்பகலுக்குப் பிறகு பீரங்கிகள் குண்டை எண்ணி எண்ணிச் சுட்டன. கொண்டுவரப் போன வண்டிகளை விமானங்கள் வழியிலேயே அடித்தன.

அப்படியானால் ஒமாஹாவில் அமெரிக்க இழப்புக்கு 352 மட்டும் காரணம் இல்லையா?

பல கை சேர்ந்த வேலை அது. நிலம் பாதுகாப்பவனுக்குச் சாதகம்: முன்னால் திறந்த மணல், பின்னால் செங்குத்து மேடு, மேலேற சில வழிகள் மட்டும். விடிகாலை வந்த கனரக விமானங்கள், தம் ஆட்கள் மேலேயே விழுந்துவிடக் கூடாதென்று சில நொடி தாமதித்துக் குண்டு போட்டன. எல்லாம் உள்ளே வயல்களில் விழுந்தன. மாடுகள் செத்தன, பங்கர்களுக்கு ஒரு கீறல் இல்லை. 741-ஆவது டாங்கி பட்டாலியன் கடலில் இறக்கிய 29 மிதக்கும் டாங்கிகளில் 27 மூழ்கின. 6:30 மணிக்கு இறங்கியவர்கள் 1-ஆவது, 29-ஆவது அமெரிக்க டிவிஷன்களின் காலாட்படை. முதல் ஒரு மணி நேரம் அவர்களுக்கு ஏறக்குறைய எந்தத் துணையும் இல்லை.

915-ஆவது ரெஜிமென்டுக்கு என்ன ஆனது?

அன்று டிவிஷன் தோற்றது மணலில் அல்ல, இந்த ரெஜிமென்ட் அலைந்த சாலைகளில் என்பதே என் கருத்து.

915-உம் ஃப்யூசிலியர் பட்டாலியனும் சேர்ந்து கார்ல் மேயர் என்ற அதிகாரியின் தலைமையில் பாயோ நகருக்கு அருகே இருந்தன. இதுதான் 84-ஆவது கோரின் (பல டிவிஷன்களை நடத்தும் மேலமைப்பின்) இருப்புப் படை. எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே அடைக்க வைத்திருந்த ஒரே தக்கை. விடிகாலை மூன்று மணி வாக்கில் மேற்கே கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. அங்கே பாராசூட் வீரர்கள் குதித்திருக்கிறார்கள் என்று தகவல். உண்மையான வீரர்கள் சிலர் வழிதவறி விழுந்திருந்தார்கள். கூடவே பிரிட்டிஷார் சான் லோவுக்கு மேற்கே துணிப் பொம்மைகளையும் பாராசூட்டில் போட்டிருந்தார்கள். சோளக்கொல்லைப் பொம்மைக்குப் பயந்த குருவியின் நிலைமை.

சைக்கிளிலும் பிரெஞ்சு லாரியிலும் இருட்டில் போய்க்கொண்டிருந்தவர்களை, விடிந்ததும் நிறுத்தினார்கள். பிறகு ஒரு பட்டாலியனை ஒமாஹாவின் கிழக்கு ஓரமான கொல்வில் பக்கம் அனுப்பினார்கள். மீதியை, வந்த வழியே திருப்பி, இன்னும் கிழக்கே பிரிட்டிஷார் இறங்கிய இடத்துக்கு. பகல் வெளிச்சம், தலைக்கு மேலே எதிரி விமானங்கள். போய்ச் சேரும்போது மாலை நெருங்கிவிட்டது. வில்லியே-லெ-செக், பாசன்வில் கிராமங்களுக்கு இடையே பிரிட்டிஷ் டாங்கிகளோடு மோதி ஒரே மாலையில் நொறுங்கினார்கள். மேயரும் அன்றே இறந்தார்.

கிராய்ஸ் ஏன் அவர்களை ஒமாஹாவுக்கே முழுதாக அனுப்பவில்லை? காலையில் ஒமாஹாவின் மேற்கு முனையிலிருந்து வந்த தகவல் அப்படி: எதிரி தண்ணீர் ஓரத்திலேயே தடைக் கம்பங்களுக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறான், டாங்கிகள் எரிகின்றன, தாக்குதல் முறிந்துவிட்டது. அது அந்த நேரத்துக்கு உண்மைதான். அதே நேரத்தில் மேட்டின் இடைவெளிகளில் சின்னச் சின்னக் கூட்டமாக அமெரிக்கர்கள் ஏற ஆரம்பித்திருந்தார்கள். அது அவருக்கு மணிக்கணக்கில் தெரியவில்லை. கிழக்கே பிரிட்டிஷார் உடைத்துக்கொண்டு வருவதோ கண்ணுக்குத் தெரிந்தது. கையில் இருந்த தகவலுக்கு அவர் எடுத்த முடிவைப் பெரிய குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். பொம்மைகளைத் துரத்தி ஒரு முழு இரவை வீணாக்கியதுதான் பெரிய இழப்பு, அந்த உத்தரவு மேலேயிருந்து வந்தது.

ஒரே துப்பாக்கிக்காரன் 2,000 பேரைக் கொன்றான் என்கிறார்களே?

ஹைன்ரிஷ் செவர்லோவைச் சொல்கிறீர்கள். 352-இன் பீரங்கி ரெஜிமென்டைச் சேர்ந்தவர். ஃப்ரெர்கிங் என்ற பார்வையாளர் அதிகாரியின் உதவியாள். கொல்வில் வழியைக் காத்த 62-ஆம் எண் எதிர்ப்பு மையத்தில் இயந்திரத் துப்பாக்கியில் இருந்தார். அன்று 12,000-க்கும் மேல் தோட்டா சுட்டதாகப் பிற்காலத்தில் சொன்னார். எண்ணிக்கை ஆயிரத்தில் தொடங்கி இரண்டாயிரம் வரை ஏறியது.

அங்கே அவர் இருந்தார், நிறையச் சுட்டார், அதில் பலர் விழுந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எண்ணைப் பாருங்கள். 8 கிலோமீட்டர் கரை முழுவதும், பீரங்கி, மோர்ட்டார், கண்ணிவெடி, எல்லா இயந்திரத் துப்பாக்கிகளும் சேர்ந்து ஏற்படுத்திய சேதம், இறந்தவர் காயம்பட்டவர் காணாமல்போனவர் எல்லாம் கூட்டி, பழைய கணக்கில் 2,000 முதல் 2,400. பின்னர் வந்த சில கணக்குகள் இன்னும் உயர்த்துகின்றன. அதில் பெரும்பகுதியை ஒருவர் கணக்கில் எழுதினால் மற்றவர்கள் காலையெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

டிவிஷனின் இழப்பு?

ஜூன் 6 அன்று மட்டும் சுமார் 1,200. இறந்தவர் 200, காயம் 500, காணவில்லை 500 என்பது டிவிஷனின் சொந்தக் கணக்கு. அன்று இரவு கிராய்ஸ் கோர் தளபதி எரிக் மார்க்ஸிடம், நாளை ஒரு நாள் தாங்குவேன், அதற்கு மேல் ஆள் வேண்டும் என்றார். அனுப்ப ஆளே இல்லை என்பதுதான் பதில். ஆறே நாளில் மார்க்ஸும் விமானத் தாக்குதலில் இறந்துபோனார்.

அமெரிக்கத் திட்டமே இவர்கள் கையில் சிக்கியதாமே?

ஆமாம். அடுத்த இரண்டு நாட்களுக்குள் அமெரிக்க 5-ஆவது கோரின் செயல் திட்டம் 352-இன் பகுதியில் கிடைத்தது. பக்கத்து 7-ஆவது கோரின் உத்தரவுகள் வீர் ஆற்று முகத்துவாரத்தில் ஒதுங்கிய படகில் கிடைத்தன. யார், எங்கே, எந்த நாளில், எதைப் பிடிக்க வேண்டும் என்று எல்லாம் எழுதியிருந்தது. வினாத்தாள் கையில் இருந்தும் என்ன பயன், எழுத பேனாவில் மை இல்லையே!

சான் லோ சண்டையில் இவர்கள் பங்கு?

இசின்யி ஜூன் 9-இல் விழுந்தது. எல் ஆற்றுக்குப் பின்னால் ஒதுங்கி, பிறகு சான் லோவுக்கு வடக்கே நிலைகொண்டார்கள். அங்கே உதவிக்கு வந்தது நிலம். வயலுக்கு வயல் மண்மேடு, அதன்மேல் அடர்ந்த புதர்வேலி. ஒவ்வொரு வயலும் ஒரு சின்னக் கோட்டை. ஒமாஹாவில் எதிர்த்த அதே 29-ஆவது அமெரிக்க டிவிஷன் இங்கேயும் எதிரில். ஐந்து வாரம் இப்படி இழுத்தார்கள். வெவ்வேறு டிவிஷன்களின் துண்டுகளை 352-இன் பெயரில் ஒட்டவைத்து நடத்திய சண்டை அது. ஜூலை 18-இல் அமெரிக்கர்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். ஊர் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

ஜூலை கடைசிக்குள் டிவிஷனின் மொத்த இழப்பு 7,000-ஐத் தாண்டிவிட்டது. கிராய்ஸ் ஆகஸ்ட் 2-இல் காயப்பட்டு ஆகஸ்ட் 6-இல் இறந்தார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, மிஞ்சிய ஆட்களை வேறு படைகளில் சேர்த்தார்கள்.

ஆர்டென்ஸ் சண்டையிலும் (1944 டிசம்பரில் பெல்ஜியம், லக்ஸம்பர்க் பகுதியில் ஜெர்மனி நடத்திய பெரிய எதிர்த்தாக்குதல்) 352 இருந்ததே?

பெயர்தான் அது, ஆட்கள் வேறு. 1944 செப்டம்பரில் ‘352-ஆவது ஃபோக்ஸ்கிரெனடியர் (மக்கள் கிரெனடியர்) டிவிஷன்’ என்று மறுபடி உருவாக்கினார்கள். கப்பல் இல்லாத கடற்படைக்காரர்கள், விமானம் இல்லாத விமானப்படைக்காரர்கள் நிறையப் பேர். டிசம்பர் 16-இல் எரிக் ஷ்மிட் தலைமையில் லக்ஸம்பர்க் எல்லையில் ஊர் என்ற ஆற்றைக் கடந்தார்கள். (ஆற்றின் பெயரே ‘ஊர்’தான், எழுத்துப்பிழை இல்லை.) அமெரிக்க 28-ஆவது டிவிஷனின் 109-ஆவது ரெஜிமென்டோடு சில நாள் மோதி டீகிர்ஷ், எட்டெல்ப்ரூக் வரை போனார்கள். தெற்கிலிருந்து வந்த அமெரிக்கத் தளபதி பாட்டனின் 80-ஆவது டிவிஷன் அங்கே சாலையில் நீண்டு கிடந்த அணிவரிசையைப் பிடித்துவிட்டது. ஷ்மிட்டும் காயம்பட்டார். அதற்குப் பிறகு ஜெர்மனிக்குள் பின்வாங்கியதைத் தவிரச் சொல்ல அதிகமில்லை.

இந்த டிவிஷனில் இந்தியர்கள் இருந்தார்களா?

இல்லை. பலர் குழப்பிக்கொள்வது நேதாஜியின் முயற்சியில் ஜெர்மனியில் உருவான இந்திய லீஜியனை. அது 950-ஆவது ரெஜிமென்ட் என்ற பெயரில் பிரான்சில் இருந்தது உண்மை. ஆனால் தென்மேற்கே, போர்டோ அருகே லகனோ கடற்கரையில். நார்மண்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. 352-இல் இருந்த வெளிநாட்டவர், உதவியாட்களாகச் சேர்க்கப்பட்ட முன்னாள் சோவியத் கைதிகள்.

இன்று நேரில் பார்க்க என்ன இருக்கிறது?

62-ஆம் எண் எதிர்ப்பு மையத்தின் பங்கர்களுக்குள் போய்வரலாம். அந்த மேட்டின் மேலேயே அமெரிக்க 1-ஆவது டிவிஷனின் நினைவுத்தூண் நிற்கிறது, பக்கத்தில் 9,000-க்கும் மேற்பட்ட வெள்ளைச் சிலுவைகளோடு அமெரிக்க மயானம். லக்ஸம்பர்க் போகிறவர்கள் டீகிர்ஷ் இராணுவ அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள்.

ஜெர்மன் மயானம் லா காம்ப் கிராமத்தில். நடுவில் புல் மூடிய ஒரு மேடு, சுற்றிலும் கறுத்த தாழ்ந்த கற்கள், 21,000-க்கும் மேற்பட்டவர்கள். 352-இன் பையன்கள் பலர் இங்கே இருக்கிறார்கள். 1944-இல் இதே இடத்தில் அமெரிக்க 29-ஆவது டிவிஷனின் மயானமும் இருந்தது. போருக்குப் பிறகு அவர்களைத் தோண்டி எடுத்து, சிலரைக் கொல்வில் மேட்டிலுள்ள அமெரிக்க மயானத்துக்கும் மற்றவர்களைக் கடல்கடந்து வீட்டுக்கும் அனுப்பினார்கள். அதுவரை இரண்டு டிவிஷன்களும் அடுத்தடுத்த வயல்களில்தான் கிடந்தன.